கோசலையின் கண் பட்ட வீடுகள்

அயனாவரத்தில் ரயில்வே லைனை ஒட்டிப் போகிற தெருவில், மழைக்கு ஒரு நிறமும் வெயிலுக்கு ஒரு நிறமுமாகத் தெரிகிற பன்னிரண்டு வீட்டு அடுக்ககம் ஒன்று உண்டு. அதில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வெளியே இருந்து பார்த்ததைவிட உள்ளே பெரிதாக இருக்கும், ஒரே ஒரு வீட்டைத் தவிர. அந்த ஒரு வீடு இரண்டாவது மாடியில், படியேறியதும் இடது கைப்பக்கம் இருக்கிறது. அது கோசலையின் வீடு. மற்ற பதினொன்றையும் வளர்த்துவிட்டது அவளுடைய பொறாமைதான்.

கட்டும்போது எல்லாம் ஒரே அளவுதான். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாத சமையலறை, நாலு துணி காயப்போட ஒரு பால்கனி, எல்லாம் சேர்த்து முந்நூற்றுத் தொண்ணூறு சதுர அடி. கோசலையும் எதிர்வீட்டு ஜெசிந்தா டீச்சரும் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் குடிவந்தவர்கள். இவள் பால் காய்ச்சினாள், அவள் ஃபாதரை அழைத்து ஜெபம் பண்ணினாள், அன்று சாயங்காலமே இரண்டு பேரும் ஒரே முறத்தில் அரிசி புடைத்தார்கள். இவள் கதவைத் திறந்தால் அவள் வீட்டு ஃபிரிட்ஜ் தெரியும், அவள் கதவைத் திறந்தால் இவள் வீட்டுச் சாமி படம் தெரியும், அப்படி ஒரு எதிரும் புதிரும்.

கோசலை வீட்டுப் படுக்கையறை மகனுக்குக் கல்யாணமானதும் மகனுக்கும் மருமகளுக்கும் போய்விட்டது. கோசலையும் அவள் புருஷன் தணிகாசலமும் ஹாலில் படுத்தார்கள். அவர் கால் நீட்டினால் பாதம் ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விடும். மோட்டார் சூடு மார்கழிக்கு நல்லது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். இந்த நிலையில்தான் திருவள்ளூரில் வாழ்க்கைப்பட்ட மகள் பைரவி முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்தது, செய்தி வந்த அதே போனில் சம்பந்தியம்மா மங்கையர்க்கரசியின் குரலும் வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. உங்க வீட்ல புள்ளத்தாச்சி எங்க படுப்பா? தொட்டில் கட்ட ஒரு கொக்கி மாட்ட இடமிருக்கா? பிரசவம் இங்கயே ஆகட்டுமே."

"தலைப்பிரசவம் தாய்வீட்லதானே சம்பந்தி வழக்கம்."

"வழக்கம்தான். அதுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கணும்ல," என்றாள் மங்கையர்க்கரசி, குரலை உயர்த்தாமல், சீப்பில் இருக்கிற முடியை எடுத்துப் போடுவதுபோல.

கோசலை அந்த வார்த்தையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு நாலு நாள் நடந்தாள். ஐந்தாம் நாள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வீட்டை இடித்துத் திருத்திக்கொண்டிருந்த ஜெசிந்தா, மாடுலர் கிச்சன் முடிந்துவிட்டது, வந்து பார் என்று கூப்பிட்டாள். கோசலை ஒரு கிண்ணம் மோர்க்குழம்போடு போனாள்.

"இங்க பாரேன் கோசலை. ஸ்பூனுக்குத் தனி வழி, கரண்டிக்குத் தனி வழி. ஒரு விரலால தள்ளு, போதும்."

கோசலை தள்ளினாள். டிராயர் பாதி தூரம் போய், ஒரு நொடி யோசித்து, பிறகு தானாக மெல்லப் போய் மூடிக்கொண்டது, குழந்தை தூங்குகிற வீட்டில் கதவைச் சாத்துவதுபோல. அந்தச் சத்தமில்லாமைதான் கோசலையைத் தொட்டது. தூங்குவதற்கு ஒரு குழந்தையும் இல்லாத வீட்டில் இவ்வளவு பதவிசாக மூடிக்கொள்கிற டிராயர் எதற்கு என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அடிவயிற்றில் அடுப்பு பற்றியது, நெஞ்சு வரைக்கும் காந்தியது, கண் இரண்டும் மிளகாய் அரைத்த கையால் தொட்டதுபோலக் கரித்தன. "நல்லாருக்குடி," என்று சொல்லிவிட்டு, மோர்க்குழம்புக் கிண்ணத்தைத் திரும்ப வாங்கவும் மறந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஜெசிந்தாவின் சமையலறை ஒரு முழம் நீண்டிருந்தது.

முதலில் ஆசாரியைத்தான் பிடித்துத் திட்டினார்கள். சுவரோடு சுவராக இழைத்து மாட்டிய கப்போர்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பூனை படுத்துக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி இருந்தால் யாரைத் திட்டுவது? சிங்காரவேலு ஆசாரி டேப்பை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார், பிறகு காதில் இருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"டீச்சரம்மா, நான் நவுரல. செவுருதான் நவுந்திருக்கு."

"செவுரு எப்படிய்யா நவுரும்?"

"அத செவுத்தைக் கேளுங்க. நான் அந்த இடத்துக்கு இன்னொரு பெட்டி செய்யணும், அதுக்குப் பலகை வாங்கிக் குடுங்க."

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் சுவரை அளந்து பார்த்தார்கள். அவர்களுக்கு ஒரு விரக்கடைகூடக் குறையவில்லை. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கட்டடம் அதே கட்டடம்தான். சரி, வந்தது வந்ததாக இருக்கட்டும் என்று ஜெசிந்தா அந்த இடத்தில் ஒரு அரிசி டிரம்மை வைத்தாள். பிறகு சோபா வந்தது, கோசலை பார்த்தாள், ஹால் அகன்றது. மூன்றாவது மாடி நூர்ஜகான் வீட்டுப் பால்கனியில் கயிறு இழுத்தால் மேலே போகிற துணிக்கொடி மாட்டியிருந்தார்கள். இட்லி மாவுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப்போன கோசலை அதை இரண்டு தரம் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். விடிந்தால் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு டீ குடிக்கலாம்போல் இருந்தது. நூர்ஜகான்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தாள். டீ டம்ளரோடு கீழே இறங்கிவந்து, கோசலையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு குறையும் சொல்லாத குரலில் சொன்னாள்:

"கோசலைக்கா, ஒன் கண்ணு பட்டா எங்க வூடு வளருது. ஒரு நட எங்க ரூமுக்குள்ளயும் வந்துட்டுப் போயேன்."

தன் வயிற்றெரிச்சலை இத்தனை வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவளுக்கு, அதை நாலு பேர் வாசலில் நின்று கேட்டு வாங்கிப்போக வந்தது முதலில் அவமானமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அடுக்ககமும் பழகிக்கொண்டது. வாசல் நிலையில் தொங்கிய அசுர முகங்களையும், எலுமிச்சை மிளகாயையும், தலைகீழாய்க் கட்டிய கற்றாழையையும், கண் வரைந்த பூசணிக்காயையும் ஒவ்வொருவராகக் கழற்றிக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டார்கள், அவள் கண்ணுக்கு நடுவில் எதுவும் தடையாக நிற்கக் கூடாது என்று. வெள்ளிக்கிழமை சுற்றிப்போடுவது நின்றது. செயலாளர் பலராமன் தண்ணீர் லாரி வருகிற நாளை எழுதுகிற அதே பலகையில், எந்தக் கிழமை எந்த வீட்டுக்குக் கோசலையம்மா வருவார் என்பதையும் எழுதிவைத்தார்.

பிறகுதான் அதிலிருக்கிற சூட்சுமம் புரிந்தது. பலகாரம் செய்து, பட்டுப்பாய் விரித்து, அக்கா அக்கா என்று தாங்கினால் அவளுக்கு மனசு குளிர்ந்துவிடும், சுவர் கல்லாய் நிற்கும். எனவே அவளை வேண்டுமென்றே சோபாவில் உட்காரவைக்காமல் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அலமாரிக் கதவைத் தற்செயலாகத் திறந்துவைத்தார்கள். "உங்க வீட்ல இன்னும் அந்தப் பழைய பீரோதானாக்கா?" என்று பரிவாகக் கேட்டார்கள். சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "இன்னும் வரலையா?" என்று ஒருத்தி கேட்க, "இரு, வருது, முகம் மாறுது," என்று இன்னொருத்தி சொல்ல, கோசலை தன் பொறாமை வரும்வரை, டாக்டர் வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல, மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அது எப்படியும் வந்துவிடும். தரைத்தளத்துத் தங்கசாமித் தாத்தா வீட்டில் பார்த்துப் பொறாமைப்பட ஒரு சாமானும் இல்லை, நடு ஹாலில் ஒரு கயிற்றுக் கட்டில், அவ்வளவுதான். ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு அந்தக் கட்டிலில், யாரும் கூப்பிடாமல், யாருக்கும் எழுந்து டீ போடாமல், வயிற்றின்மேல் கையைக் கட்டிக்கொண்டு அவர் படுத்திருந்த படுக்கையைப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் அவர் ஹால் அகன்றுவிட்டதென்று படியேறி வந்து தணிகாசலத்திடம் சண்டை போட்டார். "கூட்டிப் பெருக்க என் வீட்ல யாரு இருக்கா? எடுத்துக்கச் சொல்லு அத."

இப்படிப் பதினொரு வீடும் வளர்ந்தது. கோசலையின் ஹாலில் தணிகாசலத்தின் பாதம் மட்டும் இன்னும் ஃபிரிட்ஜுக்கு அடியிலேயே இருந்தது.

அவள் சும்மா இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். சிங்காரவேலு ஆசாரியைக் கூட்டிவந்து, சுவரோடு மடிகிற சாப்பாட்டு மேஜை போட்டாள், பீரோவை வெளியேற்றிப் பரணை நீட்டினாள், மகள் படுக்க நிமிர்த்தி மாட்டுகிற மடக்குக் கட்டில் ஒன்றும் செய்யச் சொன்னாள். ஆசாரி கட்டிலைச் செய்து மாட்டிவிட்டு, தள்ளிநின்று பார்த்து, உண்மையைச் சொல்லிவிட்டார்.

"மடிச்சு வெச்சா எடம் வரும்மா. பிரிச்சா போயிடும்."

தன் வீட்டையே தான் பார்த்துப் பொறாமைப்பட முடியுமா என்றும் முயன்றாள். காலையில் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு வாசலுக்கு வெளியே நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரோ ஒருத்தி வீட்டைப் பார்ப்பதுபோல் உள்ளே பார்ப்பாள். மூலையில் சிலிண்டர் தெரியும், மருமகள் அவசரத்தில் விட்டுப்போன துண்டு தெரியும், இன்னும் அரைக்காத உளுந்து தெரியும். பொறாமைக்குப் பதில் அலுப்புதான் வரும். விஷயம் தெரிந்ததும் அடுக்ககமே மொட்டைமாடியில் கூடிப் பேசி, அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஜெசிந்தா திரைச்சீலையும், நூர்ஜகான் தரைவிரிப்பும், பலராமன் பித்தளை விளக்குமாகக் கொண்டுவந்து அந்த ஹாலை ஜோடித்து வைத்தார்கள். கோசலை வந்து பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது, எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். சுவர் அசையவில்லை. இரவல் நகை போட்டுக்கொண்டு கண்ணாடி பார்க்கிறவளுக்கு எங்கிருந்து பொறாமை வரும்?

மாதம் ஏழாகி, வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். அடுத்த மாதம் எட்டு, எட்டில் ஆகாது என்பதால் அன்றைக்கே அழைத்து வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இல்லை. அதற்குள் திருவள்ளூரிலிருந்து ஒரு செய்தி வந்தது: மங்கையர்க்கரசி வீட்டுப் பின்கட்டில் மருமகளுக்கென்று தனியாக ஒரு அறை எடுத்துக் கட்டி, வர்ணமடித்து, தொட்டில் மாட்டி முடித்துவிட்டாள். கோசலை பதறினாள். அடுக்ககமும் பதறியது; ஏனென்றால் இவள் அங்கே போய், அந்த அறையைப் பார்த்து, வழக்கம்போல் வயிறெரிந்துவிட்டால், அந்த அறை இன்னும் வளரும், வளர்ந்த அறையைக் காட்டி அந்த அம்மாள் பெண்ணை ஒரேயடியாக நிறுத்திக்கொள்வாள்.

"போயி எதையும் பாக்காதக்கா. குனிஞ்ச தல நிமிராம வளையலப் போடு, கூட்டிட்டு வந்துரு," என்றாள் நூர்ஜகான்.

பலராமன் அதைவிடத் தெளிவாக யோசித்தார். "கூலிங் கிளாஸ் போட்டுக்குங்க. ஏன்னு கேட்டா மெட்ராஸ் ஐ-ன்னு சொல்லிடுங்க. ஒருத்தனும் கழட்டச் சொல்லமாட்டான்."

பதினொரு வீட்டாரும் ஆகா என்றார்கள். கண் வலி என்று சொல்லிக்கொண்டு பிள்ளைத்தாச்சி வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பது, அத்தனை படித்தவர்கள் இருந்த கூட்டத்தில், ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை.

திருவள்ளூரில் வேனைவிட்டு இறங்கியதும் மங்கையர்க்கரசி எதிரே வந்தாள், உயரமாய், நிதானமாய், வெற்றிலைச் சிவப்பு உதட்டோடு. "என்ன சம்பந்தி, கண்ணுல?"

"மெட்ராஸ் ஐ," என்றாள் கோசலை.

சொன்ன வாய் மூடுவதற்குள் சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். ஒருத்தி தன் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "மாசமா இருக்கற பொண்ணுகிட்ட இதோடயா வந்தீங்க?" என்றது ஒரு குரல். கோசலையை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், செருப்புகள் கிடந்த இடத்தில், ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அங்கிருந்து, கறுப்புக் கண்ணாடி வழியாக, பட்டப்பகலும் அந்தி மாதிரித் தெரிய, அவள் தன் மகளின் வளைகாப்பைப் பார்த்தாள். வேப்பிலைக் காப்பை மங்கையர்க்கரசி போட்டாள். சந்தனத்தை யார் யாரோ பூசினார்கள். தாய் போட வேண்டிய வளையலைக் கூட வந்த ஜெசிந்தா போட்டாள். போட்டுவிட்டு, கையெல்லாம் சந்தனமாக வந்து, "உனக்குப் பதிலா நான் போட்டுட்டேன்டி, கொழந்த கை எப்படிப் பூரிச்சிருக்கு தெரியுமா," என்றாள் அன்போடு. அந்தச் சந்தனக் கையை வெட்டிப் போடலாமா என்று கோசலைக்கு இருந்தது.

ஆரத்தி சுற்றிக் கொட்டினார்கள். கோசலை எழுந்து, தூரத்திலிருந்தே, "அழைச்சிட்டுக் கெளம்பறேன் சம்பந்தி," என்றாள்.

"இந்தக் கண்ணோடயா?" என்றாள் மங்கையர்க்கரசி. "இருக்கறதே ஒரு ஹாலு. ஒருத்தருக்கு வந்தா அத்தன பேருக்கும் வரும். கண்ணு சரியாகட்டும், ஒரு பத்து நாள் போகட்டும். அப்புறம் பாக்கலாம்."

பத்து நாள் போனால் எட்டாம் மாதம் பிறந்துவிடும் என்பது அவளுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். கோசலை கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண் இரண்டும் தோலுரித்த நுங்குபோல, ஒரு செவ்வரியும் இல்லாமல் வெள்ளையாக இருந்தன. மங்கையர்க்கரசி கிட்டே வந்து பார்த்தாள்.

"அப்ப எதுக்கு சம்பந்தி பொய்?"

"உங்க வீட்டப் பாக்கக் கூடாதுன்னுதான்."

உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் அந்த உண்மையை அந்தப் பந்தலில் யார் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? மங்கையர்க்கரசியின் முகம் முதன்முறையாகச் சிவந்தது. "கண்ணால பாக்கக் கூடாத அளவுக்கு நாங்க என்ன செஞ்சிட்டோம்? வாங்க. வந்து பாத்துட்டே போங்க." கோசலையின் மணிக்கட்டைப் பிடித்து, கூடம் வழியாக, பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கறுப்புக் கண்ணாடி செருப்புகளுக்கு நடுவே கிடந்தது.

கதவைத் திறந்துவிட்டு, பைரவியையும் கூட்டிக்கொண்டு, மங்கையர்க்கரசி உள்ளே போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கோசலை நிலைப்படியில் நின்றாள். இளம்பச்சைச் சுவர். உத்தரத்திலிருந்து ஸ்பிரிங் வைத்துத் தொங்கவிட்ட தேக்குத் தொட்டில். ஜன்னலுக்குக் கொசுவலை. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. வயிறு இடிக்காமல் நின்றபடியே எடுக்க, இடுப்பு உயரத்தில் டிராயர்கள், அதில் துவைத்துக் காயவைத்து மடித்த பழைய வெள்ளை வேட்டித் துண்டுகள், ஒவ்வொன்றும் நாலாய் மடித்தது. பால் கொடுக்கும்போது முதுகுக்கு வைக்கத் திண்டு. எதை விட்டாள் இவள்? தான் செய்ய நினைத்து, வைக்க இடமில்லாமல் மனசுக்குள்ளேயே மடித்து அடுக்கியிருந்த அத்தனையையும் இன்னொருத்தி செய்து முடித்திருந்தாள், ஒரு குறை இல்லாமல், தன் மகளுக்கே. கோசலை கண்ணை மூடப் பார்த்தாள். அதற்குள் பற்றிக்கொண்டது. அது ஜெசிந்தாவின் டிராயரைப் பார்த்தபோது வந்த தீ இல்லை, பதினொரு வீட்டுக்கும் சேர்த்து வந்த தீயும் இல்லை. பத்து மாதம் சுமந்த வயிறு முழுவதும் எரிந்தது.

இதுவரை எந்த வீடும் அவள் கண்ணெதிரே வளர்ந்ததில்லை. நடுவில் ஒரு ராத்திரி தேவைப்பட்டது. இந்த முறை அதற்குப் பொறுமை இல்லை.

பச்சைச் சுவர் நாலும் நாலு பக்கமாக நடக்க ஆரம்பித்தன. தரையில் பன்னிரண்டு டைல்ஸ் இருபத்தினாலாகி, நாற்பத்தெட்டாகி, எண்ணுகிறவன் கைவிட்டுவிடுகிற அளவுக்குப் பெருகின. உத்தரம் உயர்ந்தது; தொட்டிலின் கயிறும் கூடவே நீண்டது. ஜன்னல் விலகி விலகிப் போய், தீப்பெட்டி அளவுக்கு வெளிச்சமாக நின்றது. ஜன்னலோரம் நின்ற பைரவி ஜன்னலோடு போனாள்; டிராயருக்குப் பக்கத்தில் நின்ற மங்கையர்க்கரசி டிராயரோடு இன்னொரு திசையில் போனாள். வாசலில் கூடிய விருந்தாளிகள், "ரூமு நல்ல விசாலமாத்தான் எடுத்திருக்காங்க," என்று பேசிக்கொண்டார்கள்.

வளர்ந்து முடிந்தபோது பைரவி ஒரு விரல் உயரத்துக்குத் தெரிந்தாள். அவள் வாய் திறந்து மூடியது. அதற்கு வெகுநேரம் கழித்து, "அம்மா" என்ற குரல், களைத்துப்போய், வாசலுக்கு வந்து சேர்ந்தது.

கோசலை பதில் கூப்பிடவில்லை, நிலைப்படியைத் தாண்டவும் இல்லை. அங்கே கால் வைத்தால் அவளும் அந்த வீட்டு ஆளாகிவிடுவாள். பைரவி நடக்கத் தொடங்கினாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றின்மேல், வளையல்கள் குலுங்குவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பாதி வழியில் தரையில் உட்கார்ந்து இளைப்பாறினாள். மறுபடி எழுந்தாள். விருந்தாளிகளில் பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள். இலை போட்டு, பரிமாறி, மோர்சாதத்துக்கு வந்த நேரத்தில் பைரவி நிலைப்படியை வந்து தொட்டாள், முகமெல்லாம் வேர்த்து, சந்தனம் கழுத்தில் வழிந்து.

"ஏம்மா," என்றாள் மூச்சு வாங்க, "இங்க வலி வந்து நான் கத்துனா யாருக்குக் கேக்கும்?"

பைரவி நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"நம்ம வீட்ல புரண்டு படுத்தாலே நாலு பேரும் முழிச்சுக்குவீங்க. கால் நீட்ட முடியாது, தெரியும். போலாம்மா."

கோசலை அவள் கையைப் பிடித்தாள், அன்றைக்கு வந்து இறங்கியதிலிருந்து முதன்முறையாக. வளையல்கள் இரண்டு பேர் விரலுக்கும் நடுவே நெரிந்தன. அப்போதுதான் மங்கையர்க்கரசி வந்து சேர்ந்தாள். கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, அவ்வளவு தூரத்தையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலாய் மடித்த வெள்ளைத் துண்டு ஒன்று இன்னும் கையில் இருந்தது. பேச மூச்சில்லை. "இரும்மா" என்றோ "போம்மா" என்றோ சொல்லவில்லை; ஒன்றில் ஒன்று மாட்டியிருந்த அந்த இரண்டு கைகளை மட்டும் பார்த்தாள்.

அந்தப் பார்வையைக் கோசலைக்குத் தெரியும். எங்கே கண்டாலும் தெரியும், தன் புடவையை வேறொருத்தி கொடியில் கண்டதுபோல. அது எங்கே பற்றுகிறது, எப்படி மேலேறுகிறது, கண்ணில் எந்த இடத்தில் வந்து கரிக்கிறது என்பதெல்லாம் தெரியும். ஆனால் இந்தக் கண்ணுக்கு என்ன வரமோ, பட்டது வளருமோ கருகுமோ, அது மட்டும் தெரியாது. கோசலை தன் முந்தானையை இழுத்து, மகளின் வளையல் கையையும் வயிற்றையும் சேர்த்து மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள்.